வுல்பெண்டாலில் ஒரு கல்

கொழும்பில் தெமட்டகொடையிலிருந்து ஆமர் வீதிப் பக்கமாகப் போனால் வுல்பெண்டால் மேடு வரும். மேட்டின் மேல் ஒல்லாந்தர் கட்டிய சீர்திருத்தச் சபைக் கோயில். 1749இல் அடிக்கல் நாட்டி 1757இல் திறந்தார்கள். சிலுவை வடிவம், ஏறத்தாழ 5 அடி தடித்த சுவர்கள். சுரூபம் இல்லை, படம் இல்லை. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுதிரி ஏற்றிப் பழகிய கண்ணுக்கு வெறுமைதான் முதலில் தெரியும். கொஞ்ச நேரம் இருந்தால், அந்த வெறுமை காதுக்காக விடப்பட்ட இடம் என்று படுகிறது.

*

சுவரில் இல்லாதது தரையில் இருக்கிறது. பெயர்கள், குலச்சின்னங்கள், பட்டங்கள், எல்லாம் செதுக்கிய கல்லறைக் கற்கள். கோட்டையில் இருந்த பழைய கோயிலிலிருந்து ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்களை 1813இல் இங்கே கொண்டுவந்தார்கள்.

இந்தச் சபையின் மரபுக்கு ஆசானான கல்வின் தன் கல்லறைக்கு அடையாளக் கல் வேண்டாம் என்றவர். 1564இல் ஜெனீவாவில் அப்படியே புதைத்தார்கள். அதே ஊரில், அவர் பிறந்த 400ஆம் ஆண்டான 1909இல், சீர்திருத்தவாதிகளுக்கு ஒரு நினைவுச் சுவர் எழுப்பத் தொடங்கி 1917இல் முடித்தார்கள். நீளம் சுமார் 100 மீற்றர். நடுவில் ஃபரேல், கல்வின், பேசா, நொக்ஸ் நால்வரும் மனித உயரத்தைப்போல மூன்று மடங்கு நிற்கிறார்கள். நன்றி சொல்ல மனிதருக்குக் கல் வேண்டியிருக்கிறது; அதைக் குறையாக நினைக்க என்னால் முடியவில்லை.

*

இதையும் எழுதிவைக்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் அரசாங்க உத்தியோகம் வேண்டுமானால் அவர்களுடைய ஞானஸ்நானம் வேண்டும். கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. ஜோசப் வாஸ் அடிகள் 1687இல் மாறுவேடத்தில்தான் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். மனச்சாட்சிக்காக எழுந்த இயக்கம் இங்கே அதிகாரத்தோடு வந்து, பிறர் மனச்சாட்சியின் மேல் கைவைத்தது. கோயிலின் அழகு இதை மறக்கச் சொல்கிறது. மறக்கக் கூடாது.

*

பிலிப்பு தெ மெல்லோ. 1723இல் கொழும்பில் பிறந்த தமிழர். ஒல்லாந்தச் சபையில் குருவானவர். கிரேக்கத்திலிருந்து அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பிலேயே அச்சானது; வுல்பெண்டால் கோயில் திறந்து 2 ஆண்டுதான் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்திலும் பணியாற்றி 1790இல் இறந்தார். சனங்கள் தங்கள் பாஷையில் தாங்களே வாசிக்க வேண்டும் என்பது சீர்திருத்தத்தின் உயிர் என்றால், அந்த உயிரை இந்த ஊரில் சுமந்தவர் அவர். ஆளுநர்களைவிட அவரைத்தான் நான் அந்தத் தரையில் தேடுகிறேன்.

*

ஜெனீவாச் சுவரில் 2002இல் மரி தாந்தியேர் என்ற பெண்ணின் பெயரைச் சேர்த்தார்கள். பெண்களும் வேதத்தைப் பேசலாம் என்று 1539இல் எழுதியவர். முடிந்துவிட்ட சுவரிலும் பிந்தி ஒரு பெயருக்கு இடம் கிடைத்தது.

தெ மெல்லோவுக்குப் பெரிய சுவர் வேண்டாம். வுல்பெண்டால் வீதியில், மூட்டை சுமப்பவரும் பள்ளிப் பிள்ளையும் நின்று வாசிக்கிற உயரத்தில், தமிழில் பெயரும் 1759 என்ற ஆண்டும் வெட்டிய ஒரு கல் போதும்.