யாரிடம் சினப்பது?

சினம் தலையான பாவங்கள் ஏழினுள் ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடமாக ஒப்புவித்தோம். அநீதியைக் கண்டும் வாளாவிருப்பது பாவமே என்று வளர்ந்த பின் கற்றோம். இவ்விரு பாடங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் இடம் எது? அரசவையோ போர்க்களமோ அன்று. பழுதுபட்ட மிக்சி ஒன்றைக் கையில் ஏந்தித் தேனி நகரின் கடையொன்றில் நின்றபோது, அவை மோதுவதை நாம் நேரிலேயே கண்டோம்.

நிகழ்ந்தது மிகச் சிறிய செய்திதான். ஆயுத பூசையையொட்டி வாங்கிய மிக்சி மூன்றாம் வாரத்திலேயே புகைந்து நின்றுவிட்டது. முதன்முறை சென்றபோது, நிறுவனத்தின் ஆள் செவ்வாய்க்கிழமை வருவார் என்றார்கள். அடுத்த முறை சென்றபோது, வந்து போய்விட்டார் என்றார்கள். மூன்றாம் முறை ஒரு சனிக்கிழமை காலை. இம்முறை பில்லின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார்கள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று அங்கே சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. காட்டியவர் இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளம்பெண். நம் குரல் உயர்ந்தது. கடையில் இருந்தோர் அனைவரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்பின் அறியாத அவரை நம் நா ‘நீ’ என்று ஒருமையில் விளித்தது.

“சார், நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. நீங்க ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார். முதலாளி வந்ததும் நானே குடுக்கிறேன்” என்று சொல்லி, அவர் ஒரு வெள்ளைத் தாளையும் தம் பேனாவையும் எடுத்து நீட்டினார். எழுதுவதற்கா மூன்று முறை நடந்தோம் என்று அதையும் தட்டிவிட்டு வெளியேறினோம். வெளியே வந்தபோது வென்றுவிட்ட உணர்வு இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அன்று துணைவியாருடன் சுருளி அருவிக்குச் செல்வதாக ஏற்பாடு. மிக்சியைத் தெரிந்தவர் வீட்டில் வைத்துவிட்டுக் கம்பம் பேருந்தில் ஏறினோம். வீரபாண்டியில் ஏறிய மூதாட்டி ஒருவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். அவருக்குத் தர வேண்டிய மீதிச் சில்லறையை நடத்துநர் பயணச்சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். நம் ஊர்ப் பேருந்துகளில் இது பழகிப்போன வழக்கம். சின்னமனூர் கடந்து உத்தமபாளையம் வந்ததும் அம்மூதாட்டி கூடையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் இறங்க முற்பட்டார். “மீதியை வாங்கலையாம்மா?” என்று நம் துணைவியார் கேட்டார். “விடு தாயீ, அஞ்சு ரூவாதானே. கேட்டா அந்தாளு எரிஞ்சு விழுவான்” என்று சொல்லி அவர் இறங்கிப் போய்விட்டார்.

ஒரே காலைப் பொழுதில் இருவர். ஒருவர் உரிமை கேட்டுக் கத்தினார். மற்றவர் உரிமையை விட்டுவிட்டு மௌனமாக இறங்கினார். இவ்விருவரில் யார் கிறிஸ்தவர்? அம்மூதாட்டியே என்று மனம் உடனே விடை சொன்னது. ஆனால் அவ்விடையும் நெடுநேரம் நிலைக்கவில்லை. அவர் விட்டுக்கொடுத்தது அன்பினால் அன்று, அச்சத்தினால். எரிந்து விழுவார்கள் என்ற அச்சத்தால் ஏழைகள் விட்டுச்செல்லும் ஐந்து ரூபாய்களைப் பொறுமை என்னும் புண்ணியக் கணக்கில் நாம் எழுதலாமா?

கம்பத்திலிருந்து வேறு பேருந்தில் சுருளியை அடைந்தபோது நுழைவாயில் அடைக்கப்பட்டிருந்தது. மேகமலைப் பகுதியில் பெய்த மழையால் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. பிள்ளைகளோடு தொலைவிலிருந்து வந்திருந்த ஒருவர் வாயிலில் நின்ற வனக்காவலரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பயணம் செய்தாராம், இவ்வளவு செலவாயிற்றாம், முன்கூட்டியே யாரும் சொல்லவில்லையாம். அவர் சொன்னது எதுவும் பொய்யன்று. ஆயினும் அக்காவலரா வெள்ளத்தைத் திறந்துவிட்டவர்? அவர் தலைகுனிந்து நின்று, தமக்கு இட்ட பணியைச் செய்துகொண்டிருந்தார். அந்த மனிதரின் சிவந்த முகத்தில், காலையில் கடையில் நின்ற நம் முகத்தை நாம் கண்டோம். அருவியில் குளிக்கவில்லை, ஆனால் ஒரு கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

வெகுளாமை என்னும் அதிகாரத்தை வள்ளுவர் தொடங்கும் முறை வியப்புக்குரியது. சினம் பலிக்கும் இடத்தில் அதைக் காப்பவனே உண்மையில் சினம் காப்பவன். பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காவாவிட்டால் என்ன என்பது அங்கே அவர் முன்வைக்கும் கருத்து. நம் அன்றாட வாழ்வை இவ்வளவு நேராகச் சுட்டும் சொல் வேறில்லை. நமக்குத் தீங்கு செய்தவர் பெரும்பாலும் நம் சினம் எட்டாத தொலைவில் இருக்கிறார். பழுதான பொருளை உருவாக்கிய ஆலை எங்கோ இருக்கிறது. திரும்பப் பெறக்கூடாது என்று முடிவு செய்த முதலாளி உள்ளறையில் இருக்கிறார். கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பவர் மாதச் சம்பளத்துக்கு நிற்கும் ஓர் எளியவர். மறுத்துப் பேசினால் அவருக்கு வேலை போய்விடும். அதனால்தான் நம் சினம் அங்கே பலிக்கிறது. நீதியின் பெயரால் நாம் செய்வது, வலியவன்மேல் எழுந்த சினத்தை எளியவரின் தலையில் இறக்கி வைப்பதே.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட வேண்டுமா? இங்கேதான் பிலிப்பி நகரில் தூய பவுல் நடந்துகொண்ட முறை நமக்கு வழிகாட்டுகிறது. திருத்தூதர் பணிகள் நூலின் பதினாறாம் அதிகாரத்தில் அந்நிகழ்ச்சி உள்ளது. விசாரணை ஏதுமின்றிப் பவுலையும் சீலாவையும் நடுவர்கள் அடிக்கச் செய்து சிறையில் தள்ளுகிறார்கள். அவர்கள் கால்களைத் தொழுமரத்தில் மாட்டியவர் சிறைக்காவலர். நள்ளிரவில் நிலநடுக்கம், கதவுகள் திறந்துகொள்கின்றன. கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று எண்ணி அக்காவலர் தற்கொலை செய்துகொள்ள வாளை உருவுகிறார். அப்போது பவுல் உரத்த குரலில் அவரைத் தடுக்கிறார். தம் கால்களைப் பூட்டிய கையைக் காப்பாற்றுகிறார். அன்றிரவே காவலர் அவர்களுடைய காயங்களைக் கழுவி, திருமுழுக்குப் பெற்று, தம் இல்லத்தில் விருந்தும் படைக்கிறார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் மன்னிப்பைப் பற்றிய அழகிய பாடமாக மட்டுமே இருந்திருக்கும். மறுநாள் காலை நடுவர்கள் ஆள் அனுப்பி, அவர்களை விட்டுவிடுங்கள் என்கிறார்கள். பவுல் வெளியேற மறுக்கிறார். உரோமைக் குடிமக்களாகிய எங்களை விசாரிக்காமல் மக்கள் முன்னிலையில் அடித்துவிட்டு, இப்போது மறைவாக அனுப்புவதா, அவர்களே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துச் செல்லட்டும் என்ற பொருள்படப் பதில் சொல்லியனுப்புகிறார். நடுவர்கள் அஞ்சி நேரில் வருகிறார்கள், வேண்டிக்கொள்கிறார்கள்.

இரவில் கனிவு, காலையில் உறுதி. இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை. கட்டளையை நிறைவேற்றியவரிடம் கனிவு, கட்டளையிட்டவரிடம் உறுதி என்று பவுல் இடம் அறிந்து பகுத்தார். நாமோ தலைகீழாகச் செய்கிறோம். காவலரை ஏசுகிறோம், நடுவரைக் கண்டால் கும்பிடுகிறோம்.

பவுலின் உறுதி அவருக்காக மட்டும் எழுந்ததன்று என்றே நாம் எண்ணுகிறோம். அந்நகரில் செந்நிற ஆடை வணிகம் செய்த லீதியாவின் வீட்டில் இளம் திருச்சபை ஒன்று அப்போதுதான் வேர்விட்டிருந்தது. விசாரணையின்றி அடிப்பது அன்று கேள்வியின்றிப் போயிருந்தால், நாளை அந்த எளிய மக்களின் முதுகுக்கும் அதே அடி காத்திருக்கும். மௌனமாக இறங்கிச் செல்வதில் உள்ள குறை இதுவே. நாம் விட்டுக்கொடுப்பது நம் உரிமையை மட்டுமன்று. நமக்குப் பின்னே வரிசையில் நிற்பவரின் உரிமையையும் சேர்த்தே விட்டுவிடுகிறோம்.

இவ்வுண்மையை நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் 1993-ல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் எடுத்துரைத்தது. சாதாரணக் குடிமகன் முறையிட்டுப் போராடுவதற்கு மாறாக அலுவலகங்களின் முறைகேட்டுக்கு அடங்கிப் போய்விடுகிறான். ஆதலால் இழப்பீடு வழங்குவது ஒருவருக்கு நிறைவு தருவதோடு சமூகத் தீமையையும் குணப்படுத்துகிறது என்பது அத்தீர்ப்பின் கருத்து. அதோடு, துன்புறுத்தலுக்கு உரிய தொகையைப் பொதுப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டுப் போகாமல், பொறுப்பான அலுவலரைக் கண்டறிந்து அவரிடமே பெறவேண்டும் என்றும் அது கூறியது. யார் பொறுப்பு என்று தேடிச் செல்வதே நீதியின் முதல் வேலை.

இதற்கான வழியும் நம் கையில் இருக்கிறது. 1986-ல் பிறந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாற்றாக 2019-ஆம் ஆண்டின் சட்டம் 2020 சூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பில்லில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்கப்படவில்லையெனில் 30 நாள்களுக்குள், பழுதுபட்ட பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்று அச்சட்டம் சொல்கிறது. நம் பில்லின் பின்புறத்து வரி நமக்குக் காட்டிய பூச்சாண்டி அவ்வளவுதான். 1915 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலும் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணமும் இல்லை. கத்துவதற்குச் செலவாகும் ஆற்றலில் பாதி போதும், ஒரு கடிதம் எழுத.

ஆனால் கடிதமும் காயப்படுத்தும். உங்கள் கடைப் பெண் சரியில்லை என்று நாம் எழுதும் ஒரு வரி, ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்துவிடக்கூடும். எனவே குற்றம் எதுவோ அதை எழுத வேண்டும். குற்றமற்றவர் யாரோ அதையும் எழுத வேண்டும். எதிரில் நிற்பவரே முறைகேடு செய்தால்? அதற்கும் ஆண்டவரின் எடுத்துக்காட்டு உண்டு. தலைமைக் குருவின் முன் காவலன் ஒருவன் அறைந்தபோது இயேசு வாளாவிருக்கவில்லை, வசைபாடவும் இல்லை. தவறாகப் பேசியிருந்தால் எது தவறென்று காட்டு, இல்லையேல் ஏன் அடித்தாய் என்று அமைதியாகக் கேட்டார். வசையில்லாத கேள்வியே நீதியின் மொழி.

திரும்பி வரும் வழியில் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல்கள் விரிந்து கிடந்தன. கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக் குரு ஒருவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. திராட்சைத் தோட்ட வேலையாளர் உவமை நினைவுக்கு வராமல் இருக்குமா? முதலில் வந்தோர் கூலி குறித்து முணுமுணுக்கிறார்கள். தோட்ட உரிமையாளர் முணுமுணுத்தவருள் ஒருவரைத் ‘தோழரே’ என்று அழைத்து விடை சொல்கிறார். மேசைக்கு இப்புறமும் அப்புறமும் நிற்போர் ஒருவரையொருவர் அவ்வாறு விளிக்கும் நாள் வந்தால், பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

திங்களன்று கடிதத்துடன் கடைக்குச் சென்றோம். முதலாளிக்கு எழுதியது; சட்டத்தின் ஆண்டைக் குறிப்பிட்டு, பணிப்பெண்மீது குறையேதும் இல்லை என்றும் எழுதியிருந்தோம். முதலில் அவரிடமே சென்று, “அன்றைக்கு நான் பேசியது தவறு, மன்னித்துவிடுங்கள்” என்றோம். “பரவாயில்ல சார், தினமும் நடக்கிறதுதான்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு, திருப்பிக் கத்தியிருந்தால் உண்டாகும் வலியைக் காட்டிலும் மிகுதியாக வலித்தது. தினமும் நடப்பதில் நாமும் ஒரு நாள் ஆகியிருந்தோம்.

அப்போதுதான் மேசைக்குப் பின்னால் ஒரு முக்காலியைக் கண்டோம். கடைகளில் பணிபுரிவோர்க்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் செய்யப்பட்டது. கேரளம் அதை 2018-லேயே செய்துவிட்டது. சட்டம் தந்த அம்முக்காலியின்மேல் அட்டைப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. பொருள் அமர்ந்திருந்தது, மனிதர் நின்றுகொண்டிருந்தார். உழைப்பு மனிதருக்காகவே அன்றி மனிதர் உழைப்புக்காக அல்லர் என்று 1981-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பவுல் தம் சுற்றுமடலில் வற்புறுத்தியதன் பொருள் அந்த முக்காலியில் நமக்கு விளங்கிற்று. மூன்று முறை வந்தும் இதை நாம் பார்க்கவில்லையே! நம் மிக்சி மட்டுமே நம் கண்ணை நிறைத்திருந்தது.

கடிதத்தின் அடியில் இன்னொரு வேண்டுகோளையும் சேர்த்து எழுதிவிட்டுக் கொடுத்தோம். பதினொரு நாள்களில் வேறு மிக்சி கிடைத்தது. அதை வாங்கச் சென்ற அன்று பெட்டிகள் முக்காலியிலிருந்து இறக்கப்பட்டுத் தரையில் இருந்தன. அப்பெண் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். நம் முறையீடு பாதிதான் நிறைவேறியிருக்கிறது. மீதியைக் கேட்க நாம் மீண்டும் செல்ல வேண்டும். இம்முறை நமக்காக அன்று.

இரவுச் செபத்தில் ஆன்ம சோதனை செய்யும்போது, இன்று யாரிடம் சினந்தேன் என்று மட்டும் கேட்டால் போதாது. யாரிடம் சினந்திருக்க வேண்டும், அவரிடம் ஏன் பேசாமல் வந்தேன் என்றும் கேட்போம். அவ்விரண்டாம் கேள்விக்கு விடை தேடுகிறவர், முதற்கேள்விக்கு வெட்கப்படும் நாள்கள் மெல்லக் குறையும்.