திறக்கத் தெரிந்தால் போதுமா?

அப்பாவின் காருக்கு இன்னொரு சாவி போடப் போனேன். மோட்டார் சைக்கிள் சாவிக்குச் சில ரிங்கிட் போதும். இதற்கு 250 ரிங்கிட் என்றார் கடைக்கார அண்ணன். காரணம், சாவிக்குள் இருக்கும் சின்னச் சிப். அதற்கு பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளின் ரேடியோ அலையில் உயிர்பெற்று, தன் அடையாளத்தைச் சொல்லும். அது பொருந்தாவிட்டால், சாவியை எவ்வளவு சரியாக வெட்டியிருந்தாலும் இன்ஜின் ஓடாது.

பணம் தர நான் தயார். அவரோ ஐசியும் கெரானும் கேட்டார். கெரான் அப்பா பேரில்.

"என்னைப் பார்த்தா திருடன் மாதிரியாண்ணே இருக்கு?"

"தம்பி, இன்னிக்கு உங்களைக் கேட்காம செஞ்சா, நாளைக்கு இதே காருக்குச் சாவி கேட்டு வர்றவனுக்கும் செஞ்சு குடுப்பேன். அப்பாவோட வாங்க."

சுருக்கென்றது. போன செமஸ்டரில் அறை நண்பனின் லேப்டாப் பாஸ்வேர்ட் தெரிந்து, அவன் இல்லாதபோது மெசேஜ்களைப் படித்தவன் நான். 'எதையும் எடுக்கலையே' என்று சமாதானம் வேறு. அஸ்தேயம், அதாவது திருடாமை, பொருளுக்கு மட்டும்தானா?

நண்பர்களே, திறக்கும் வித்தையை எந்தக் கல்லூரியிலும் கற்கலாம். தெரிந்தும் திறக்காமல் நிற்பதை அந்தக் கடையில்தான் பார்த்தேன்.

அன்றிரவே நண்பனிடம் சொன்னேன். ஒரு வாரம் அவன் பேசவில்லை. அந்த விலையும் நியாயம்தான்.