நம்புவது யாருடைய கடமை?

நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸில் வசிக்கிறேன். 74ஆம் தெருவில் கறிவேப்பிலை கிடைக்கும். இரண்டு நிமிடம் நடந்து ரூஸ்வெல்ட் அவென்யூவுக்குத் திரும்பினால் காதில் விழுவது ஸ்பானிய மொழிதான். அங்கேதான் எனக்கு அந்த நண்பன் கிடைத்தான். மெக்சிகோவின் புவெப்லாவிலிருந்து வந்தவன். என்னைப் போலவே தன்பாலீர்ப்பாளன். என்னைப் போலவே அதை வீட்டில் சொல்லாதவன். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

2021இல் அவன் ‘மொசைக்கோ’ என்ற எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனையில் சேர்ந்தான். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களும் திருநர்களுமாகச் சுமார் 3,900 பேர் அதில் பங்கேற்றார்கள். அமெரிக்கா, ஐரோப்பா மட்டுமல்ல; மெக்சிகோ, பெரு, பிரேசில், அர்ஜென்டினாவிலும் அது நடந்தது. ஓராண்டுக்குள் நான்கு தவணை. பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வெறும் ஊசி. தனக்கு எது என்று போட்டுக்கொள்பவருக்குத் தெரியாது.

என்னையும் கூப்பிட்டான். சேரும் தகுதி எனக்கும் இருந்தது. நான் போகவில்லை.

இம்மாதிரிச் சோதனைகளுக்கு லத்தீனோ மக்கள் தயங்கினால், “அவர்களுக்கு மருத்துவத்தில் நம்பிக்கையில்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். 1946 முதல் 1948 வரை குவாத்தமாலாவில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் மருத்துவர்கள், கைதிகள், சிப்பாய்கள், மனநோயாளிகள், பாலியல் தொழிலாளர்கள் என 1,300க்கும் மேற்பட்டோருக்குச் சம்மதம் கேட்காமலே பால்வினை நோய்க் கிருமிகளைத் தொற்றவைக்க முயன்றார்கள். விஷயம் வெளியே வந்தது 2010இல்தான். அதிபர் ஒபாமா மன்னிப்புக் கேட்டார். இந்த வரலாற்றுக்குப் பிறகு, தயங்குகிறவரைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? நம்பிக்கைக்குரியவராக நடந்துகாட்ட வேண்டியது கேட்பவர்தானே?

ஆனால் நான் மறுத்ததற்குக் காரணம் குவாத்தமாலா அல்ல. அதையெல்லாம் பிறகுதான் படித்தேன். தடுப்பூசியால் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருட்களால், தொற்று இல்லாதவருக்கும் சாதாரண எச்.ஐ.வி. பரிசோதனையில் ‘இருக்கிறது’ என்று முடிவு வரலாம். அந்தக் காகிதம் சொந்தக்காரர் யார் கையிலாவது சிக்கினால்? அவ்வளவுதான் என் பயம்.

அவனுக்கு அதைவிடப் பெரிய பயம் இருந்தது. குடியேற்ற விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் இந்த நாட்டுக்குள் வர 2010 ஜனவரி வரை தடை இருந்ததை அவன் வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. சோதனையில் இருப்பதாகச் சொல்லும் ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். “இந்த அட்டையே காட்டிக்கொடுக்காதா?” என்றேன். “கொடுக்கும். அதான் செருப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்” என்றான்.

வந்த புதிதில் அவனுக்குச் சோறு போட்ட ஒரு திருநங்கை எய்ட்ஸில் இறந்துபோனார். சேர்ந்ததற்கு அவன் சொன்ன காரணம் அது ஒன்றுதான்.

2023 ஜனவரியில் சோதனையை நிறுத்தினார்கள். ஆபத்தில்லை, ஆனால் தொற்றைத் தடுக்கவில்லை என்றார்கள். “வீணாப் போச்சே” என்றேன். அவனுக்குக் கோபம் வந்தது. “பலிக்காது என்று போட்டுப் பார்க்காமல் எப்படித் தெரியும்?”

சோதனையில் சேர்வது யாருடைய கடமையும் அல்ல என்றே இன்றும் நினைக்கிறேன். கேட்காமலே உடலைப் பறிகொடுத்த சமூகத்திடம் தியாகத்தை உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் நாளை ஒரு தடுப்பூசி பலித்தால், வரிசையில் முதலில் நிற்பேன். அப்போது என் கையில் ஏறுவது அவனைப் போன்றவர்கள் துணிந்ததன் பலன். அந்தக் கடனை என்ன செய்வது?

ஊசி அவனுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. ஒளித்துவைத்ததுதான் வலித்தது. அப்படி ஒளிக்கவைத்ததில் ஆய்வகத்துக்குப் பங்கில்லை, வீடுகளுக்கு உண்டு. அவன் வீட்டுக்கு மட்டுமல்ல, நம் வீடுகளுக்கும். அந்தச் செருப்புப் பெட்டி தேவைப்படாமல் செய்வது என்னால் ஆகக்கூடிய காரியம். அதையாவது செய்ய வேண்டும்.

ஆகவே இதை என் சொந்தப் பெயரிலேயே அனுப்புகிறேன். அம்மா இந்த இதழின் சந்தாதாரர்.