கொல்லி காவலனும் நூற்றைந்தும்

ஸ்ரீ:

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, வல்வில் ஓரி ஆண்ட மலை. பின்னர்ச் சேரர் வசமாயிற்று. சேரர் குலத் திலகமான குலசேகராழ்வாரும் தம்மைக் 'கொல்லி காவலன்' என்றே பாசுரத்தில் குறிப்பிடுகிறார். மலையும் படையும் உடைய அவ்வேந்தர் தமிழுலகுக்கு வைத்துச் சென்ற நிதி, 'பெருமாள் திருமொழி' என்னும் 105 பாசுரங்களாம். பத்துத் திருமொழிகளில் ஆறு பதினோரு பாசுரங்களும், மூன்று பத்துப் பாசுரங்களும், ஒன்று ஒன்பது பாசுரங்களும் கொண்டவை. 66, 30, 9 ஆகியவற்றைக் கூட்ட 105 ஆகும்.

இவ்வெண் கணிதத்திலும் அழகுடையது. 1 முதல் 14 வரையுள்ள எண்களைக் கூட்டினால் வருவது 105. இரண்டு நீங்கலான பகா எண்களில் முதல் மூன்றாகிய 3, 5, 7 ஆகியவற்றைப் பெருக்கினாலும் வருவது அதுவே. தத்துவம் மூன்று, அர்த்த பஞ்சகம் ஐந்து, திருவேங்கடத்து மலைகள் ஏழு என்று அடியார்கள் இவற்றை நினைவிற் கொள்ளலாம். ஆயினும், ஆழ்வார் கணக்குப் பார்த்துப் பாடினார் என்று கொள்ளலாகாது. அன்பு பெருகியபடி பாடினார்.

இவ்வெண்ணைக் கொண்டு ஒரு வேடிக்கையும் செய்யலாம். 105க்கு உட்பட்ட ஓர் எண்ணை ஒருவர் மனத்தில் மறைத்துக்கொள்ளட்டும். அதை 3, 5, 7 ஆகியவற்றால் வகுத்த மீதிகளை மட்டும் சொன்னால் போதும். முதல் மீதியை 70ஆலும், இரண்டாவதை 21ஆலும், மூன்றாவதை 15ஆலும் பெருக்கிக் கூட்டி, 105ஐ இயன்ற மட்டும் கழித்தால் மறைந்த எண் வெளிப்படும். மீதிகள் 1, 3, 1 எனில், 70, 63, 15 சேர்ந்து 148. 105 கழிய 43. காரணம் இது: 70ஐ மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும், ஐந்தாலும் ஏழாலும் வகுத்தால் மிச்சமிராது. 21 ஐந்துக்கும், 15 ஏழுக்கும் அவ்வாறே. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையின் வளைவுகளும் எழுபதே. ஏறுவோர் இந்த எண்ணை மறவார். 499ஆம் ஆண்டில் ஆரியபடர் இயற்றிய ஆரியபடீயத்தின் 'குட்டகம்' என்னும் முறையும் இத்தகைய மீதிக் கணக்கைத் தீர்ப்பதே.

மீதிக்கு வடமொழியில் 'சேஷம்' என்று பெயர். வைணவ சித்தாந்தத்தில் அதே சொல்லுக்கு ஆழ்ந்த பொருளுண்டு. எம்பெருமான் சேஷி, அவன் உகப்புக்கே இருக்கும் ஜீவன் சேஷன். மறைந்த எண்ணை மீதி காட்டுவது போல, ஒருவனிடமிருந்து பட்டமும் பொருளும் உறவும் கழிந்த பின் எது நிற்கிறதோ, அதுவே அவன் யார் என்று காட்டும்.

குலசேகரர் அக்கழித்தலைத் தாமே செய்தார். அரச செல்வம் வேண்டாம் என்றார். வேங்கடத்தில் பறவையாகவோ, மீனாகவோ, மரமாகவோ பிறக்க விழைந்தார். முடிவில், அடியார் மிதித்தேறும் படியாய்க் கிடந்து பெருமானின் பவளவாய் காணவும், அதுவும் இல்லையேல் அம்மலையில் ஏதேனும் ஒன்றாகவும் வேண்டினார். கொல்லியின் காவலர் கழிந்தார், அடியார் மிஞ்சினார். திருமலைச் சன்னிதி வாயிற்படி இன்றும் 'குலசேகரன் படி' என்றே வழங்குகிறது.

திருவிழாவுக்கு வந்தோர் சேவித்த தலங்களையும் செய்த பிரதட்சிணங்களையும் எண்ணுவது இயல்பு. எண்ணுவதில் குற்றமில்லை. வீடு திரும்பும்போது நெஞ்சில் மீதி என்ன என்பதே பெருமான் பார்க்கும் கணக்கு.

குலசேகராழ்வார் திருவடிகளே சரணம்.