கண்ணாடிக்குள் ஒரு தர்மசங்கடம்

பவளப்பாறையின் உயிர்க்கூட்டத்தை உப்புநீரோடு ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் குடியேற்றி வளர்ப்பவர்களிடம், இறால்களுள் பேரழகு வாய்ந்தது எது என்று வினவினால், அவர்களுள் பலர் ஹார்லிகின் இறாலையே சொல்வார்கள். இரண்டங்குலத்தை மிஞ்சாத அந்தச் சிறு ஜீவனுக்குப் பால்வெண்மையான மேனி. அதன்மேல் கரும்பழுப்பும் ஊதாவும் நீலமும் கலந்த பெருந்திட்டுகள். இலைபோல் அகன்று தட்டையான கொடுக்குகள். ஆணும் பெண்ணும் ஓரிடுக்கில் இணைந்து வாழும் இயல்புடையவை. தம் இணையைப் பிற இறால்களினின்றும் அவை பிரித்தறியும் என்பதை வுல்ஃப்காங் விக்லரும் ஊட்டா சைப்டும் 1970களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்து எழுதினார்கள். இத்தகைய உயிரை வளர்த்து இனம்பெருகச் செய்வதில் ஆசை பிறப்பது இயற்கையே. ஆனால் அதன் ஆகாரம் ஏறக்குறைய ஒன்றே ஒன்றுதான்: நட்சத்திர மீன்.

அது உண்ணும் விதத்தை அருகிருந்து பார்த்தவர்களுக்கு அக்காட்சி எளிதில் மறவாது. தன்னைவிடப் பன்மடங்கு பருத்த நட்சத்திர மீன் ஒன்று பாறையைப் பற்றிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருக்க, இறால் இணை மெல்ல அதன்மேல் ஏறி, ஒரு கையின் நுனியைப் பிடித்து நெம்பி, பற்றியிருக்கும் குழாய்க்கால்களைச் சிறிது சிறிதாகப் பாறையினின்றும் விடுவித்து, கடைசியில் அதை மல்லாக்கப் புரட்டிவிடுகிறது. பிறகு நுனியிலிருந்து தொடங்கி நடுவுடல் நோக்கி உண்ணத் தலைப்படுகிறது. நட்சத்திர மீனோ ஒரே நாளில் சாவதில்லை. பல நாள் அது உயிரோடேயே உணவாகிக்கொண்டிருக்கும். தொட்டி வைத்திருப்பவர்களில் சிலர், முழு உயிரையும் ஒப்புக்கொடுக்க மனமின்றி, ஒரு கையை மட்டும் கத்தியால் அறுத்து இறாலுக்கு இட்டு, எஞ்சியதைத் தனித் தொட்டியில் விட்டு, அறுபட்ட கை மீண்டும் தழைக்கும்வரை காத்திருக்கிறார்கள். ஓருயிரைக் காப்பதற்காக மற்றோருயிரைத் தவணை முறையில் அறுப்பது காருண்யமா, ஜீவஹிம்சையா?

கடலில் நடப்பதும் இதுதானே, பிரகிருதியின் நியதிக்கு நாம் எப்படிப் பொறுப்பாவோம் என்று சமாதானம் சொல்வார் உண்டு. அந்தச் சமாதானம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. கடலில் இறால் தேடுகிறது, நட்சத்திர மீன் தப்பவும் கூடும். அங்கே இன்னதற்கு இன்னது இரையாகுக என்று எவருடைய சங்கற்பமும் விதிக்கவில்லை. தொட்டியிலோ இரண்டையும் விலைகொடுத்து வாங்கி, நான்கு சுவர்களுக்குள் எதிரெதிராக நிறுத்தியவன் மனிதன். எந்நாள் எந்த உயிர் என்று தீர்மானிக்கிற கர்த்தா அவனே ஆகையால், இயற்கையின் பின்னே அவன் ஒளிந்துகொள்ள இடமில்லை.

இன்னொரு சமாதானம் அறிவின் படிகளைக் காட்டுவது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து, நண்டை நாலறிவுயிராக வைத்தது. பத்துக்காலுடைய இறாலும் நண்டின் இனமே. பிரிட்டனில் 2022ஆம் ஆண்டு நிறைவேறிய விலங்குநலச் சட்டம், முதுகெலும்புள்ளவற்றோடு நண்டு, இறால் ஆகியவற்றையும் கணவாயினத்தையும் உணர்வுள்ள உயிர்களின் வரிசையில் சேர்த்தது. நட்சத்திர மீன் அவ்வரிசைக்கு வெளியே நின்றுவிட்டது. அதற்கு மூளை என ஓருறுப்பு இல்லை. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையமும், அதிலிருந்து கைதோறும் ஓடும் நரம்புகளுமே உண்டு. ஆகவே வலி அறியாத உயிரை வலி அறியும் உயிருக்கு ஊட்டுவதில் பாவமில்லை என்று வாதிக்கலாம். எனினும் அந்தப் படிகளை வகுத்தவர்கள் உயிர்களைத் தெரிந்துகொள்வதற்காக வகுத்தார்களேயன்றி, கீழ்ப்படியை மேற்படிக்குத் தீனியாக்க உரிமைப்பத்திரம் எழுதித் தரவில்லை. மல்லாக்கப் புரண்ட நட்சத்திர மீன் தன் கைகளை முறுக்கி மீண்டும் நிமிர முயலும் அந்த முயற்சியை என்ன பெயரிட்டு அழைத்தாலும், அது வாழ விரும்பும் ஒன்றின் செயலாகவே என் கண்ணுக்குப் படுகிறது.

இந்தச் சங்கடத்தை மிகவும் நேர்மையாகச் சந்தித்தவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர். ஆப்பிரிக்காவில் லாம்பரேனே என்னுமிடத்தில் மருத்துவராய்த் தொண்டாற்றி, உயிரனைத்தையும் போற்றுவதே அறத்தின் அடிப்படை என்று போதித்த அவர், கொடுமைக்கு ஆளாகவிருந்த மீனுண்ணும் கழுகுக் குஞ்சொன்றை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். காப்பாற்றிய மறுகணமே, அதைப் பட்டினியில் சாகவிடுவதா, நாள்தோறும் சிறு மீன்களைக் கொன்று ஊட்டுவதா என்ற கேள்வி அவர்முன் வந்து நின்றது. அவர் ஊட்டவே தீர்மானித்தார். ஆனால் தம்முடைய பொறுப்பில் ஓருயிர் மற்றதற்குப் பலியாவதை ஒவ்வொரு நாளும் பாரமாகவே உணர்ந்ததாக 1931இல் வெளியான தம் வரலாற்றில் எழுதினார். அந்தப் பாரம் பழக்கத்தால் குறைந்துவிடாதபடி அவர் பார்த்துக்கொண்டதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது: அவர் இடருற்ற குஞ்சை மீட்டார், நாமோ கடலில் சுகமாயிருந்ததை நம் கண்ணின்பத்துக்காக வரவழைக்கிறோம். ஆகவே நம் கடன் அவருடையதைவிடக் கூடுதல்.

இனப்பெருக்கத்தில் வெற்றி கண்டவர்கள், தங்கள் இறால் கடலைக் கொள்ளையிட்டு வந்ததன்று என்று பெருமை கொள்வதில் நியாயம் உண்டு. தாய் இறால் வயிற்றடியில் சினையைச் சுமந்து, கால்களால் ஓயாது விசிறி நீரோட்டம் கொடுத்து, பொரிந்த குஞ்சுகளை நீரில் விட்டபின், மிதந்து திரியும் அவற்றை வாரக்கணக்கில் ஊட்டி வளர்ப்பது அரிய தவமே. ஆனால் அவை உருமாறித் தரையில் இறங்கி நிற்கும் அன்றே, ஒவ்வொன்றும் நட்சத்திர மீனைக் கேட்கத் தொடங்குகிறது. அந்த நட்சத்திர மீன்களோ பெரும்பாலும் கடலிலிருந்தே பிடிபட்டு வருகின்றன. இறாலைப் பெருக்கினோம்; கூடவே கடனையும் பெருக்கினோம். பவளத்தொட்டிகளில் தானாகவே இரண்டாகப் பிளந்து பெருகும் ஆஸ்டெரினா என்ற சிறு நட்சத்திர மீனைத் தனித் தொட்டியில் போதுமான அளவு வளர்த்து வைத்துக்கொண்டு, அதன்பின் இறால் வாங்குவோரை நான் ஆக்ஷேபிக்கமாட்டேன். அவர்கள் தங்கள் கடனைக் கடலின் தலையில் கட்டவில்லை. அவ்வாறு முன்கூட்டியே எண்ணிப் பார்க்க இயலாதவர்கள், அந்த இணை எவ்வளவு அழகாயிருந்தாலும் கடையிலிருந்து வாங்காமல் திரும்பிவிடுவதே முறை என்பது என் அபிப்பிராயம்.

அவர்களுக்கு மீனின் உடலிலிருந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கும், முதுகில் வெண்கோடுள்ள சிவந்த இறால் இருக்கிறது. உறையவைத்த தீனியையே அது மனமுவந்து உண்ணும். அதன் குஞ்சுகளை வளர்க்கப் புகுந்தால் மட்டும், நம் இறால் பொரிப்பகங்களிலும் வழங்கும் ஆர்ட்டீமியா என்ற சிற்றுயிரை ஆயிரக்கணக்கில் உயிரோடு பொரித்து ஊட்ட நேரும். உலர்ந்த முட்டையாக ஆண்டுக்கணக்கில் கிடந்து, உப்புநீர் பட்ட ஒரே நாளில் நீந்தத் தொடங்கி, அடுத்த வேளைக்குள் இரையாகிவிடும் அந்தத் துளி உயிர்களுக்கும் இதே நியாயத்தை நீட்டுவதா, வேறொரு நியாயம் வகுப்பதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை.