ஏழாவது ஆள்

ஆராதனையில் தூங்கி விழுந்தவனைப் பற்றி வேதத்தில் ஒரு சம்பவம் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள், இருபதாம் அதிகாரம். துரோவா பட்டணத்தில் வாரத்தின் முதல் நாள் இரவு, மேல்வீட்டில் விளக்கேற்றிக் கூடியிருக்கிறார்கள். மறுநாள் ஊருக்குப் புறப்பட வேண்டிய பவுல் நள்ளிரவுவரை பேசிக்கொண்டே போகிறார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்கிற வாலிபன் தூக்கம் மிஞ்சி மூன்றாம் தட்டிலிருந்து கீழே விழுகிறான். செத்துவிட்டான் என்று தூக்குகிறார்கள். பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டு, உயிர் இருக்கிறது, பதறாதீர்கள் என்கிறார். பிறகு மேலே ஏறி வந்து விடியும்வரை பேச்சைத் தொடர்கிறார். (இந்த ஒரு விஷயத்தில் நம் போதகர்கள் அப்போஸ்தலரின் வழியை விட்டு விலகியதே இல்லை.)

அவன் ஏன் தூங்கினான் என்று எழுதியவர் சொல்லவில்லை. ஆனால் அன்றைய ரோம ஆட்சியில் ஞாயிறு வேலைநாள். அதை ஓய்வுநாளாக கான்ஸ்டன்டைன் அறிவித்தது கி.பி. 321-இல்தான். பகலெல்லாம் யாருக்கோ உழைத்துவிட்டு வந்த பையனாகத்தான் அவன் இருந்திருப்பான் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஸ்ரீபெரும்புதூரில் குடியிருப்பவனுக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

எங்கள் சபை ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் கூடுகிறது. ஞாயிறு காலை ஆராதனைக்கு வருகிற வாலிபர்களில் பலர் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வருகிறவர்கள். பின்வரிசையில் சுவரோரம் உட்காருவார்கள். முதல் இரண்டு பாட்டுக்குக் கை தட்டுவார்கள், மூன்றாம் பாட்டில் தலை சாயும். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் கோயில் மணி கேட்டு வளர்ந்த பிள்ளைகள் உண்டு. ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்து, தமிழ்ப் பிரசங்கம் பாதி புரியாமல் கடைசிவரை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் உண்டு.

எங்களைச் சுற்றித்தான் ஆலைகள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ 1998-இல் வெளிவந்தது. ஒரகடத்துக்கு 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லரின் லாரி, 2013-இல் ராயல் என்ஃபீல்டு. சுங்குவார்சத்திரத்தில் செல்போன். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகவே 18,720 படுக்கைகளோடு ஒரு குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு சின்ன ஊர் முழுவதும் அதற்குள் படுக்கலாம். இத்தனை பேருக்கும் ஏழாம் நாள் ஒரே நாளாக வருவதில்லை. ஒருத்திக்கு வீக்லி ஆஃப் செவ்வாய், பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவளுக்கு வெள்ளி. அடுத்த மாதம் அதுவும் மாறும்.

இந்த நிலைமையில் நாம் என்ன பிரசங்கிக்கிறோம்? ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க வேண்டும்; ஞாயிறு ட்யூட்டி போடுகிற வேலை ஆசீர்வாதமான வேலை அல்ல. ஞாயிறு வேலைக்குப் போக மாட்டேன் என்று வேலையையே விட்டவருக்கு அதைவிட நல்ல வேலை கிடைத்தது என்று சாட்சி சொல்லச் சொல்கிறோம். அந்தச் சாட்சி பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் இருக்கும் பையனின் சம்பளத்தில் ஊரில் ஒரு தங்கைக்கு நர்சிங் ஃபீஸ் போகிறது. அவனுக்கு அந்தக் கட்டளை ஆறுதலாகக் கேட்குமா, சூப்பர்வைசரின் குரலாகக் கேட்குமா?

பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடத்தில் வருகின்றன. ஓய்வுநாளுக்கு யாத்திராகமம் சொல்லும் காரணம், தேவன் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது. பெரும்பாலும் நாம் படிப்பது அதைத்தான். உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் காரணமே வேறு: நீ எகிப்தில் அடிமையாய் இருந்தவன், அதை மறக்காதே, உன்னைப் போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும். இரண்டு இடத்திலும் ஓய வேண்டியவர்களின் பட்டியல் இருக்கிறது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலுக்குள் இருக்கும் வெளியூரான். இந்தப் பட்டியலை யாரிடம் வாசிக்க முடியும்? மாடும் வேலையாளும் வைத்திருக்கிற வீட்டுக்காரனிடம்தான். லீவு கிடைக்காத பையனைப் பார்த்து, ஏன் தம்பி போன வாரம் வரவில்லை என்று நாம் கேட்கும்போது, கட்டளையைத் தவறான விலாசத்தில் கொண்டுபோய்ப் போடுகிறோம்.

வேதம் இதில் கணக்கும் போட்டுக் காட்டியிருக்கிறது. வனாந்தரத்தில் மன்னா விழுந்தபோது ஆறாம் நாளில் இரட்டிப்பாய் விழுந்தது. ஏழாம் நாள் வெளியே போகாதே என்று சொல்வதற்கு முன்பே அந்த நாளுக்கான சாப்பாடு வீட்டுக்குள் வந்தாயிற்று. எங்கள் பகுதியில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நடைமுறை வேறு. வந்த நாளுக்குத்தான் சம்பளம். ஓய்வு எடுத்தால் அன்றைய காசு போச்சு. ஓ.டி. போட்டால் இரட்டைச் சம்பளம் என்று சட்டம் சொல்கிறது, ஆகவே களைத்த பிள்ளைகளே ஓ.டி. கேட்டு நிற்கிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பண ஆசை என்று இதைச் சொல்லும் பெரியவர்கள், ஊருக்கு அனுப்பியது போக அவர்கள் கையில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

இந்தியாவில் ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிறு விடுமுறை வாங்கிக் கொடுத்தவர் ஒரு கிறிஸ்தவர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. உண்மையில் வாங்கிக் கொடுத்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிராவ் பூலேயின் சத்யசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர், 1884-இல் பம்பாயில் ஆலைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர். ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்து, கூட்டம் போட்டு, 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகளை இணங்க வைத்தார். ஞாயிறு கண்டோபா சாமியின் நாள் என்பது அவர் எடுத்து வைத்த நியாயங்களில் ஒன்று. ஞாயிறு காலை நான் பாட்டுப் புத்தகத்தோடு நிம்மதியாய்க் கிளம்புவதில் கண்டோபாவுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் ஞாயிற்றையே வார விடுமுறையாக எழுதிவைத்தது. அன்று வேலை வாங்கினால் முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் ஒரு நாள் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றது. எப்படி மாற்றினாலும் ஒரு முழுநாள் லீவு இல்லாமல் பத்து நாளுக்கு மேல் தொடரக் கூடாது என்றும் சொன்னது. ஒரு தொழிலாளியை நாளுக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழி திறக்கும் திருத்தத்தை நம் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. திரும்பப் பெறுவதாக மே தினத்தன்று முதல்வர் அறிவித்தார். இடைப்பட்ட நாட்களில் பிரசங்க மேடையிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் கேட்கவில்லை. ஓய்வுநாளைப் பற்றி அத்தனை பேசுகிற நாங்கள்!

2024-இல் எங்கள் பகுதி சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது மட்டும் வசனம் வந்தது. வேலைக்காரர் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற கொலோசெயர் மூன்றாம் அதிகாரப் பகுதி. வாசித்தவர் அதிகாரம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். எஜமான்களே, நீதியும் செவ்வையுமானதை வேலைக்காரருக்குக் கொடுங்கள், உங்களுக்கும் மேலே ஓர் எஜமான் இருக்கிறார் என்று பவுல் அதே மூச்சில் சொல்வது நான்காம் அதிகாரத்தின் முதல் வசனமாகிவிட்டது. அதிகாரம் பிரித்தது பவுல் அல்ல, பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரர்கள். பக்கத்தைத் திருப்பினால் கிடைக்கும்.

எஜமான் என்றதும் கொரியாவிலோ தைவானிலோ இருக்கிற யாரையோ நினைத்துக்கொள்வது நமக்கு வசதி. எங்கள் சபையில் லேடீஸ் ஹாஸ்டல் நடத்துகிற அக்கா இருக்கிறார். கம்பெனிகளுக்கு ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் அனுப்புகிற மூப்பர் இருக்கிறார். வேன் ஓட்ட விடுகிறவர்கள் இருவர், கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் பார்க்கிறவர் ஒருவர். தசமபாகத்தில் பெரும்பகுதி இவர்களுடையது. இந்தத் தொழிற்பேட்டை எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் எஜமான்களாக்கியிருக்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் செல்போன் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்ததும் ஹாஸ்டல் சாப்பாட்டுக்காகத்தான். கெட்டுப்போன உணவால் 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போன பிறகு.

வாரநாள் வேதபாடம் ஒன்றில் உபாகமம் ஓடிக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் அந்த அக்காவிடம் கேட்டேன்.

“சமையலம்மாவுக்கு என்னைக்குக்கா லீவு?”

“அவங்களுக்கு ஏது தம்பி லீவு? பிள்ளைங்க தினமும் சாப்பிடணும்ல.”

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் நிறுத்தினார். அந்தச் சமையலம்மாவும் கிறிஸ்தவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் சிக்கன், ஆகவே அன்றுதான் அவருக்கு வேலை அதிகம்.

அன்று அங்கிருந்த ஹவுஸ்கீப்பிங் மூப்பர் கணக்கில் கெட்டிக்காரர். வாரம் முழுக்க ஆறு இடத்துக்கு ஆள் வேண்டுமென்றால், ஆளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்க ஏழு பேரை வைக்க வேண்டும் என்றார். அந்த ஏழாவது ஆளுக்கு அவர்கள் தொழிலில் ரிலீவர் என்று பெயர். “ரிலீவர் சம்பளத்தையும் சேர்த்து கொட்டேஷன் போட்டா, சேர்க்காதவனுக்குத்தான் ஆர்டர் போகும். நான் என்ன பண்ணட்டும் பிரதர்?” கேள்வியில் தப்பில்லை. கொட்டேஷனில் எது குறைவோ அதை எடுக்கிற பர்ச்சேஸ்காரர் அதே பாயில், இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தார். கட்டளை ஹாஸ்டல் அடுப்படியில் தொடங்கி, மூப்பரின் கொட்டேஷன் வழியாக, அவருடைய மேஜைவரை போய் நின்றது. பிரசங்கம் எதுவும் எங்களை இத்தனை தூரம் அழைத்துப் போனதாக எனக்கு நினைவில்லை.

கொரிந்து சபையிலும் ஏறக்குறைய இதே சிக்கல். ஓய்வுள்ளவர்கள் சீக்கிரம் வந்து திருவிருந்தைச் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். வேலை முடித்துத் தாமதமாய் வந்தவர்கள் பசியோடு நிற்பார்கள் என்பது அந்தப் பகுதிக்கு அறிஞர்கள் பலர் தரும் விளக்கம். பவுல் கண்டித்தது சாப்பிட்டவர்களை. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதுதான் அவர் சொன்ன தீர்வு. கத்தோலிக்கர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நடைமுறை அறிந்தவர்கள். சனிக்கிழமை மாலைப் பூசையே ஞாயிறு கடமைக்குப் போதும் என்று 1983-ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டம் வைத்திருக்கிறது. நாங்களும் புதன் இரவு ஒரு ஆராதனை தொடங்கியிருக்கிறோம். கீபோர்டு வாசிக்க ஆள் கிடைப்பதில்லை, காணிக்கையும் குறைவு. கமிட்டியில் இரண்டு பேர் இன்னும் அதைச் சபைக் கூட்டமாகவே ஒப்புக்கொள்ளவில்லை.

பர்ச்சேஸ்காரர் அடுத்த டெண்டரில் ரிலீவருக்கென்று தனித் தொகை சேர்க்கக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மேலே ஒத்துக்கொள்வார்களா என்று அவருக்கே சந்தேகம். ஹாஸ்டல் அக்கா அதுவரை காத்திருக்கவில்லை. வியாழக்கிழமைக்கு வேறொரு அம்மாவைப் பிடித்துவிட்டார், பழைய அம்மாவுக்குச் சம்பளம் குறைக்கவும் இல்லை. ஆனால் மெஸ் பில்லில் தலைக்கு ஐம்பது ரூபாய் ஏற்றியிருக்கிறார். அதைக் கட்டுவது அந்தப் பிள்ளைகள். ஒரு வேலைக்காரியின் ஓய்வுக்கு இன்னொரு வேலைக்காரியா காசு கொடுப்பது என்று நான் கேட்டேன். “அப்ப என் கையிலருந்து போடணுங்கிறியா தம்பி?” என்றார். ஆமாம் என்றேன். நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.