ஏமன் வியாபாரியின் முறையீடு



ஏமன் தேசத்து வியாபாரி ஒருவர் மக்காவில் சரக்கு விற்றார். வாங்கிய பெரிய மனிதர் பணம் தர மறுத்தார். அந்நியருக்காக யார் பேசுவார்? அவர் அபூகுபைஸ் மலைமேல் ஏறி நின்று முறையிட்டார். குறைஷிகளில் சில கோத்திரத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதிக்குள்ளானவர் எவராயினும் ஒன்றாய் நின்று உதவுவதென ஆணையிட்டு, பணத்தை வாங்கிக் கொடுத்தார்கள். இதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். வாலிபராயிருந்த நம் நாயகம் (ஸல்) அவர்களும் அதில் கலந்திருந்தார்கள். நபித்துவத்திற்குப் பின்னரும் அதைச் சிறப்பித்தே பேசினார்கள்.

ஐக்கிய நாட்டுச் சபையின் அமைதிகாப்புப் பணியும் இவ்வகையதே. 1999-ல் வாக்கெடுப்புக்குப் பின் கிழக்குத் தீமோர் பற்றியெரிந்தபோது, பல நாட்டுப் படைகளோடு நம் சிங்கப்பூரும் வைத்தியக் குழுவையும் கப்பல்களையும் அனுப்பியது. 2002-ல் அந்நாடு சுதந்திரம் பெற்றது.

சிராங்கூன் ரோட்டில் கல்லாவில் அமர்ந்திருக்கும் நாம், “நமக்கென்ன?” எனலாமா? 1964-ல் மீலாது ஊர்வல நாளில் மூண்ட கலவரமும், ஊரடங்கில் கடைகள் அடைபட்டதும் மூத்தோர் சொல்லக் கேட்டவர்களல்லவா நாம்!

நிற்க. சண்டையை நிறுத்தினால் மட்டும் போதாது. நீதியோடு சமாதானம் செய்யவே சூரா ஹுஜுராத் கட்டளையிடுகிறது. பணம் வாங்கித் தராமல் ஏமன்காரரின் வாயை மட்டும் அடைத்திருந்தால், அது சமாதானமாகுமா? ஆகவே நம் கடைத்தெருவில் எந்த இனத்தார் ஏமாற்றப்பட்டாலும் அவர் பக்கம் நிற்போம். அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.